நடுவரிசைக் கார்

பிப்ரவரி

நாஸ்கார் என்ற அமெரிக்கக் கார் பந்தயத்தைப் பார்க்கத் தொடங்குபவர் முதலில் ஓர் எண்ணைத் தேர்ந்துகொள்ள வேண்டும். நாற்பது கார்கள் ஒரே வளையத்தில் சுற்றும்போது கண்ணுக்குப் பிடிமானம், கதவிலும் கூரையிலும் எழுதியிருக்கும் எண்தான். விளம்பரதாரர் மாறினால் காரின் நிறம் மாறிவிடும். போன வாரம் நீலமாக இருந்தது இந்த வாரம் மஞ்சளாக வரும். ஓட்டுநர்கள் அணி மாறுவார்கள். எண் நிற்கும்.

2024 சீசனுக்கு நான் 17-ஐ எடுத்துக்கொண்டேன். ஓட்டுபவர் கிறிஸ் ப்யூஷர், டெக்சாஸ் மாநிலத்தில் ப்ராஸ்பர் என்ற ஊர்க்காரர். முந்தைய ஆண்டு மூன்று பந்தயங்களை வென்றவர். அப்படியும் கேமரா அவரைத் தேடிப் போவதில்லை. கூட்டத்தின் நடுவில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருப்பார். நடுவரிசையையே பார்த்துக்கொண்டு ஓர் ஆண்டைக் கழிக்க முடியுமா என்று பார்க்கத் தோன்றியது.

*

மற்ற விளையாட்டுகளில் பெரிய ஆட்டம் கடைசியில் வரும். இங்கே அது முதல் வாரமே வந்துவிடுகிறது. ஃப்ளோரிடாவின் டேட்டோனா 500.

டேட்டோனாவில் ஒரு சுற்று இரண்டரை மைல். வளைவுகளில் தரை 31 பாகை சாய்ந்திருக்கும். நடந்து ஏறவே சிரமமான சரிவு. இங்கே எந்தக் காரும் தனியாக வேகம் பிடிக்க முடியாது. முன்னால் போவது காற்றைப் பிளக்கிறது. பின்னால் ஒட்டி வருவதற்கு அந்த இடைவெளியில் எதிர்ப்பு குறைவு. இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிட வேகம் கூடுகிறது. வரிசையில் நிற்பவன் பிழைத்தான். முந்தும் ஆசையில் விலகியவனுக்குப் பின்னால் யாரும் வரவில்லை என்றால், ஒரு சுற்று முடிவதற்குள் கூட்டத்தின் வாலுக்குப் போய்விடுவான்.

1960-இல் ஜூனியர் ஜான்சன் மெதுவான ஒரு செவர்லேயை வைத்துக்கொண்டு இந்தச் சூட்சுமத்தால்தான் டேட்டோனாவை வென்றார். வட கரோலினா மலையடிவாரத்தில் கள்ளச்சாராயம் காய்ச்சிய குடும்பம் அவருடையது. அப்பாவின் அடுப்பருகே பிடிபட்டுச் சிறை சென்று மீண்டவர். 1986-இல் அதிபர் ரீகன் அவருக்கு மன்னிப்பு வழங்கினார். போலீஸ் துரத்தும்போது இருட்டில் வளைவு திரும்பக் கற்றவர்கள்தான் இந்த விளையாட்டின் முதல் தலைமுறை.

இந்த ஆண்டு மழை வந்து ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம் திங்கட்கிழமைக்குப் போனது. வில்லியம் பைரன் வென்றார். அதற்கடுத்த ஞாயிறு அட்லாண்டாவில் மூன்று கார்கள் அக்கம்பக்கமாகக் கோட்டைத் தாண்டின. மெக்சிகோவின் டேனியல் சுவாரெஸ் 0.003 நொடியில் ரயன் ப்ளேனியை வென்றார். மூன்றாவதாக வந்த கைல் புஷ் 0.007 நொடி பின்னால். கண் இமைக்க இதைவிடப் பல மடங்கு நேரம் ஆகும். மூன்று பேரும் செய்தது ஒன்றுதான். பெயர் ஒருவருக்குக் கிடைத்தது.

மார்ச்

ஒரு கணக்கு. ரிச்சர்ட் பெட்டி 200 பந்தயங்களை வென்றார். இன்றுவரை யாரும் அந்த எண்ணின் பக்கத்தில்கூட வரவில்லை. அவர் ஓடியவை மொத்தம் 1,184. அப்படியானால் வரலாற்றிலேயே அதிகம் வென்றவர் 984 முறை வெல்லாமல் வீடு திரும்பியிருக்கிறார். ஆறு முறை போனால் ஐந்து முறை.

மார்க் மார்ட்டின் 40 பந்தயங்களை வென்றார். ஐந்து முறை ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் இடம். பட்டம் ஒன்றுகூட இல்லை. ஜே. டி. மெக்டஃபி என்று ஒருவர் 653 பந்தயங்கள் ஓடினார். ஒன்றையும் வெல்லவில்லை. 1991-இல் வாட்கின்ஸ் க்ளென் டிராக்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதே உயிர் போனது.

கிரிக்கெட்டில் தோற்பதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. இங்கே ஒவ்வொரு வாரமும் ஒருவர் வெல்கிறார், குறைந்தது முப்பத்தைந்து பேர் தோற்கிறார்கள். ஒரு காரின் ரசிகராக இருப்பவர் ஆண்டின் பெரும்பாலான ஞாயிறுகளில் தோற்ற பக்கத்தில்தான் இருப்பார். ஆகவே வெற்றியை மட்டும் பார்க்க வந்தவரால் இங்கே நெடுநாள் நிலைக்க முடியாது. பார்ப்பதற்கு வேறு எதையாவது கண்டுபிடித்தாக வேண்டும்.

புள்ளிக் கணக்கு அந்த வேறு எதையோ காட்டித் தருகிறது. 2024-இல் வென்றவருக்கு 40. இரண்டாமவருக்கு 35, மூன்றாமவருக்கு 34. அப்புறம் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று ஒன்றாகக் குறைந்து 36-ஆம் இடத்துக்கு 1. பதினெட்டாம் இடத்திலிருந்து பதினேழாம் இடத்துக்கு ஏறினால் ஒரு புள்ளி. அந்த ஒரு புள்ளிக்காக, மூக்கு நசுங்கிய காரை டேப் ஒட்டி மறுபடி ஓடவிடுகிறார்கள். தொலைக்காட்சியில் அது வராது. வானொலியிலும் சொல்ல மாட்டார்கள். அந்தக் காரையே பார்த்துக்கொண்டிருப்பவருக்குத்தான் தெரியும்.

ஏப்ரல்

விர்ஜீனியாவின் மார்டின்ஸ்வில் அரை மைல் வளையம். இரண்டு நீண்ட கோடுகள், இரண்டு இறுக்கமான திருப்பங்கள். வென்றவருக்குக் கோப்பைக்குப் பதிலாக ஆளுயர ஊசல் கடிகாரம் கொடுப்பார்கள். 1964 முதல் இதுதான் பழக்கம்.

கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் 2010-இல் நாஸ்காரின் டிரக் தொடரில் முதல் முறை ஓடியது இங்கேதான். முன்பு ஃபார்முலா ஒன்னில் ஓடியவருக்கு, பம்பரால் இடித்து வழி கேட்கும் அரை மைல் டிராக் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 13-ஆவதாக முடித்தார். அந்த ஆண்டு அவர் எந்தப் பந்தயத்தையும் வெல்லவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் ரசிகர்கள் வாக்களித்துத் தேர்ந்த அந்தத் தொடரின் பிரியமான ஓட்டுநர் அவர்தான். வெற்றிப் பட்டியலில் இடம் பெறாத ஒருவரைப் பின்தொடர ஆட்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

மே

ஐந்தாம் தேதி, கான்சஸ். மழையால் தாமதமாகத் தொடங்கி இரவில் முடிந்தது. கூடுதல் சுற்றில் 17 முன்னால் இருக்கிறது. கடைசி வளைவில் கைல் லார்சன் மேல்பக்கமாக வந்து சேர்ந்தார். இரண்டு கார்களும் உரசிக்கொண்டே கோட்டைத் தாண்டின. திரையில் முதலில் ப்யூஷர் பெயர் வந்தது. பிறகு மாறியது. கோட்டருகே இருக்கும் அதிவேகக் கேமராவின் படம் லார்சனைக் காட்டியது. வித்தியாசம் 0.001 நொடி. அந்த வேகத்தில் அது ஏறக்குறைய மூன்று அங்குலம். நாஸ்கார் கோப்பைத் தொடரின் வரலாற்றிலேயே இதைவிட நெருக்கமான முடிவு இல்லை. அதற்கு முன் 0.002 நொடிதான் சாதனை: 2003-இல் டார்லிங்டனில், 2011-இல் டல்லடீகாவில்.

சாதனைப் புத்தகத்தில் இரண்டு பெயர்களும் சேர்ந்தே இருக்கும். ஒருவர் பெயர் வென்றவராக, மற்றவர் பெயர் அளவுகோலாக.

*

ஒரு வாரம் கழித்து டார்லிங்டன். முடிவுக்குச் சில சுற்றுகளே இருக்கும்போது 17 மறுபடியும் முன்னால். உள்பக்கமாக நுழைந்த டைலர் ரெடிக் ப்யூஷரைச் சுவரோடு அணைத்துவிட்டார். இருவருக்கும் டயர் போயிற்று. பின்னால் வந்த பிராட் கெசலோவ்ஸ்கி வென்றார். அவர் 17 ஓடும் அணியின் பங்குதாரர், அதே அணியில் 6-ஆம் எண் ஓட்டுபவர். மூன்று ஆண்டு வறட்சிக்குப் பிறகு அவருக்கு இது முதல் வெற்றி. முதலாளி மகிழ்ச்சியில் இருக்கும் நாளில் தொழிலாளி எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

பந்தயம் முடிந்ததும் ப்யூஷர் நேராக ரெடிக்கிடம் போனார். குரல் உயர்ந்தது. ரெடிக் தப்பு தன்னுடையது என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டவரிடம் அதற்குமேல் சண்டை போட முடியாது. கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஓர் ஆள் திரும்பி நடப்பதைப் பார்த்தேன். அன்று பார்த்தவற்றில் இன்னும் மறக்காதது அந்த நடைதான்.

*

மாதக் கடைசியில் சார்லட்டில் 600 மைல். இருப்பதிலேயே நீளமான பந்தயம். போரில் இறந்த வீரர்களின் நினைவு நாளையொட்டி வருவதால், ஒவ்வொரு காரின் முன் கண்ணாடியிலும் ஒரு வீரரின் பெயர் எழுதியிருக்கும். வெயிலில் தொடங்கி இருட்டில் முடியும். சூரியன் இறங்க இறங்கத் தரை குளிரும், டயரின் பிடி மாறும். மாலையில் வளைவில் திரும்ப மறுத்த கார் இரவில் வாலை ஆட்டத் தொடங்கும். முதலாவதை டைட் என்பார்கள், இரண்டாவதை லூஸ். டயர் மாற்றப் பிட்டில் நிறுத்தும்போதெல்லாம் டயர் காற்றைக் கொஞ்சம் கூட்டுவார்கள், குறைப்பார்கள். சரியாக்கிவிட்டோம் என்று நினைக்கும்போது தரை மறுபடி மாறியிருக்கும்.

இந்த ஆண்டு லார்சன் ஒரே நாளில் இரண்டு பந்தயம் ஓடத் திட்டமிட்டார். பகலில் இண்டியானாபோலிஸ் 500, மாலையில் விமானம் ஏறி சார்லட். இண்டியானாபோலிஸில் மழை, பந்தயம் மணிக்கணக்கில் தள்ளிப்போனது. சார்லட்டில் அவர் காரை ஜஸ்டின் ஆல்கையர் ஓட்டத் தொடங்கினார். லார்சன் வந்து சேர்ந்த நேரம் இங்கே மழை பிடித்துக்கொண்டது. 400 சுற்றில் 249 ஆகியிருந்தது. மழை நின்றது; ஜெட் எஞ்சின் பொருத்திய வண்டிகள் தரையைக் காயவைக்கச் சுற்றி வந்தன. காற்றில் இருந்த ஈரம் விடவில்லை. நள்ளிரவு நெருங்கும்போது கிறிஸ்டஃபர் பெல் வென்றதாக அறிவித்து முடித்துக்கொண்டார்கள். லார்சன் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை.

நூற்றுக்கணக்கான குதிரைத்திறனையும் தனி விமானத்தையும் கையில் வைத்திருக்கும் மனிதர்கள் மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது மனதுக்கு நல்லது. பார்ப்பவர் மனதுக்கும்.

ஜூன்

டிராக்குக்கு நேரில் போகிறவர்கள் ஒரு ஸ்கேனரும் காதை மூடும் ஹெட்ஃபோனும் கொண்டுபோவார்கள். வாடகைக்கும் கிடைக்கும். அதில் ஒவ்வோர் அணியின் பேச்சையும் கேட்கலாம். ஓட்டுநர், அணியை வழிநடத்தும் க்ரூ சீஃப், அப்புறம் ஸ்பாட்டர். ஸ்பாட்டர் அரங்கின் கூரைமேல் நிற்பவர். ஓட்டுநரால் பக்கவாட்டில் பார்க்க முடியாது. இருக்கையும் பட்டையும் தலையைப் பிடித்து வைத்திருக்கும். ஆகவே ஸ்பாட்டர் கண்ணாக இருந்து சொல்லிக்கொண்டே இருப்பார். உள்ளே ஒருவன். இன்னும் உள்ளே. கதவருகே. பின் சக்கரம். கிளியர்.

தலை அப்படிக் கட்டப்பட்டிருப்பதற்குப் பின்னால் ஒரு நாள் இருக்கிறது. 2001 பிப்ரவரி 18, டேட்டோனா 500-இன் கடைசிச் சுற்று. ஏழு முறை பட்டம் வென்ற டேல் எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அந்த ஆண்டு முழுவதும் மூன்றாவது சுற்று வரும்போது ரசிகர்கள் எழுந்து மூன்று விரல்களை உயர்த்தினார்கள். அவர் எண் 3. அந்த அக்டோபரில் ஹான்ஸ் போன்ற, கழுத்தைக் காக்கும் கருவி கட்டாயமானது. பிறகு சுவர்களில் அதிர்ச்சியை வாங்கும் தடுப்புகள் வந்தன. அதன்பின் கோப்பைத் தொடர்ப் பந்தயத்தில் எந்த ஓட்டுநரும் உயிரிழந்ததில்லை.

ஸ்பாட்டரின் குரலை நெடுநேரம் கேட்டால் அதற்கு ஒரு சீர் இருப்பது புரியும். பாராட்டு இல்லை, பதற்றம் இல்லை. இப்போது எது எங்கே இருக்கிறது என்பது மட்டும். மூன்றரை மணி நேரம் ஒருவர் இன்னொருவருக்கு நிகழ்காலத்தை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஸ்கேனரை 17-இல் வைத்துவிட்டு, யார் முன்னணியில் என்று பெரிய பலகையைப் பார்க்காமலே நெடுநேரம் இருந்திருக்கிறேன்.

ஜூலை

ஒலிம்பிக்ஸுக்காக இரண்டு வாரம் பந்தயம் இல்லை. ஞாயிறு மதியம் என்ன செய்வது என்று தெரியவில்லை. துணி மடித்தேன்.

ஆகஸ்ட்

2024 விதிப்படி, பட்டத்துக்காகப் பத்துப் பந்தயம் நீளும் இறுதிக் கட்டத்துக்குப் பதினாறு பேர். அதற்கு முன் ஒரு பந்தயம் வென்றால் அநேகமாக உள்ளே. வெல்லாதவர்கள் மிச்ச இடங்களுக்குப் புள்ளியைக் கொண்டு போட்டியிட வேண்டும். கான்சஸில் அந்த மூன்று அங்குலம் மறுபக்கம் இருந்திருந்தால் 17-க்கு இந்தக் கணக்கே தேவைப்பட்டிருக்காது.

24-ஆம் தேதி டேட்டோனாவில் ஹாரிசன் பர்ட்டன் வென்றார். பட்டியலில் 34-ஆம் இடத்தில் இருந்தவர். அடுத்த ஆண்டு அவருக்கு இந்தக் கார் இல்லை என்று அணி முன்பே அறிவித்துவிட்டது. அந்த அணி, 1950 முதல் ஓடிவரும் வுட் பிரதர்ஸ். அவர்களின் 100-ஆவது வெற்றி இது. போகச் சொன்ன பையனே அதைக் கொண்டுவந்து கொடுத்தான். அதோடு, புள்ளியை நம்பி நின்றவர்களுக்கு ஓர் இடம் குறைந்தது.

செப்டம்பர்

முதல் தேதி மறுபடி டார்லிங்டன், சதர்ன் 500. இந்த டிராக் முட்டை வடிவம். 1949-இல் ஹெரால்ட் பிராசிங்டன் நிலம் வாங்கியபோது, விற்றவர் தன் மீன்குளத்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். குளத்தைத் தவிர்க்க ஒரு முனையை இறுக்கமாக வளைத்தார்கள். இரண்டு முனைகளுக்கும் ஒரே காரை ஒத்துப்போகச் செய்வது அன்றுமுதல் தலைவலி. ஒன்றுக்குச் சரிசெய்தால் மற்றது கெடும். சுவரில் உரசிய தடம் இல்லாமல் இங்கிருந்து வெளியேறும் கார் குறைவு. வலப்பக்கத்தில் விழும் அந்தக் கீறலை டார்லிங்டன் கோடு என்று பெருமையாகவே சொல்வார்கள்.

அன்று சேஸ் பிரிஸ்கோ வென்றார். அவர் ஓட்டிய ஸ்டுவர்ட்-ஹாஸ் அணி ஆண்டு முடிவில் மூடப்படுவதாக அறிவித்திருந்தது. அவர் உள்ளே போனார். 17 வெளியே.

கோபப்பட ஆள் தேடினேன். ஒருவர் வேலை போன பையன். இன்னொருவர் மூடும் கடையின் கடைசி ஊழியர். இருவர் மீதும் கோபம் வரவில்லை.

*

இரண்டு வாரம் கழித்து, நியூயார்க் மாநிலத்தின் வாட்கின்ஸ் க்ளென். வளையம் கிடையாது, இடமும் வலமும் திரும்பும் சாலை டிராக். கடைசிச் சுற்றில் முன்னால் இருப்பவர் நியூசிலாந்தின் ஷேன் வான் கிஸ்பர்கன். இப்படிப்பட்ட டிராக்கில் அவரை முந்துவது நடக்காத காரியம் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாப் என்று பெயர் வைத்திருக்கும் வளைவில் அவர் கொஞ்சம் தடுமாறினார். 17 நுழைந்தது. வென்றது.

இந்த வெற்றியால் பட்டப் போட்டியில் எதுவும் மாறவில்லை. கதவு மூடிப் பதினைந்து நாளாகிவிட்டது. பிரயோசனமற்ற ஒரு வெற்றியை அவ்வளவு முழுமையாக நான் கொண்டாடியது அன்றுதான். அதிலிருந்து அடுத்து என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட எதுவும் மிச்சமில்லை.

அக்டோபர்

சார்லட்டில் 13-ஆம் தேதி ஜோயி லோகானோ பட்டப் போட்டியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அன்றிரவு அலெக்ஸ் போமனின் கார் எடை குறைவு என்று சோதனையில் தெரிந்தது; போமன் நீக்கப்பட, லோகானோ திரும்ப உள்ளே வந்தார். அடுத்த வாரம் லாஸ் வேகஸில் வென்றார்.

கோட்டைத் தாண்டுவதும் வெல்வதும் இந்த விளையாட்டில் என்றுமே ஒன்றாக இருந்ததில்லை. 1949-இல் நடந்த, கோப்பைத் தொடரின் முதல் பந்தயத்திலேயே முதலில் வந்தவர் க்ளென் டனவே. காரின் பின்பக்க ஸ்பிரிங் மாற்றப்பட்டிருந்தது என்று அவரை நீக்கி, ஜிம் ரோப்பருக்குக் கொடுத்தார்கள். சாராயம் கடத்த வசதியாகச் செய்த மாற்றம் அது. 1959-இல் முதல் டேட்டோனா 500-ஐ லீ பெட்டி வென்றார் என்று முடிவுசெய்ய, புகைப்படங்களையும் செய்திப் படச்சுருளையும் பார்த்து மூன்று நாள் ஆனது.

வெண்டல் ஸ்காட்டுக்கு அதைவிட அதிக காலம் ஆனது. 1963 டிசம்பர் 1, ஜாக்சன்வில். கறுப்பின ஓட்டுநர் ஒருவர் நாஸ்காரின் உயர்மட்டத் தொடரில் பெற்ற முதல் வெற்றி. கொடியும் கோப்பையும் பக் பேக்கருக்குப் போயின. கூட்டம் கலைந்த பிறகு, எண்ணியதில் பிழை என்று ஸ்காட்டின் வெற்றியை ஒப்புக்கொண்டார்கள். அந்தக் கோப்பை அவர் கைக்கு வரவே இல்லை. 1990-இல் இறந்தார். 2021-இல் டேட்டோனாவில் நாஸ்கார் அவர் குடும்பத்திடம் ஒரு கோப்பையைக் கொடுத்தது. உள்நாட்டுப் போரில் பிரிந்துபோன தென் மாநிலங்களின் கொடியை அரங்குகளில் பறக்கவிடக் கூடாது என்ற தடையே 2020-இல்தான் வந்தது. 0.001 நொடியைப் பிரித்துக் காட்டும் கேமராவைக் கண்டுபிடித்துவிடலாம். கண் முன்னால் இரண்டு சுற்று முந்தியிருந்த காரைப் பார்க்க மறுத்தது எந்தக் கருவியின் குறை?

நவம்பர்

10-ஆம் தேதி, ஃபீனிக்ஸ். லோகானோ வென்று மூன்றாவது முறை பட்டம் பெற்றார். ஆண்டு முழுக்க அவரைவிடச் சீராக ஓடியவர்கள் பலர் இருந்தார்கள் என்று முணுமுணுப்பு. விதி அப்படி, விதிக்குள் அவர் செய்தது சரி.

அந்த விதி எப்படி வந்தது என்பதில் 17-க்கும் பங்கு உண்டு. 2003-இல் மேட் கென்செத் இதே எண்ணை ஓட்டிப் பட்டம் வென்றார். ஆண்டு முழுவதிலும் ஒரே ஒரு வெற்றி. எட்டுப் பந்தயம் வென்ற ரயன் நியூமன் அவருக்குப் பின்னால்தான் முடித்தார். கென்செத் வாராவாரம் காரைப் பத்திரமாகக் கொண்டுவந்து நல்ல இடத்தில் நிறுத்திக்கொண்டே இருந்தார். வேறு எதுவும் செய்யவில்லை. பார்க்க அலுப்பாக இருக்கிறது என்ற பேச்சு எழுந்தது. மறு ஆண்டே கடைசிப் பத்துப் பந்தயங்களில் பட்டத்தைத் தீர்மானிக்கும் முறை வந்தது. பிறகு வெளியேற்றும் சுற்றுகள் வந்தன. எல்லாம் அந்த அலுப்பை நீக்குவதற்காக.

இந்த ஆண்டு 17-ஐப் பார்த்த ஞாயிறுகளில் பெரும்பாலானவை அவர்கள் அலுப்பு என்று சொன்ன ரகம். டயர் தேய்ந்து கொஞ்சம் பின்வாங்கி, பிட்டில் இரண்டு இடம் பிடித்து, கடைசியில் ஓர் இடத்தை விட்டுக்கொடுத்து முடிந்த நாட்கள். கான்சஸையும் வாட்கின்ஸ் க்ளென்னையும் யார் கேட்டாலும் சொல்லிவிடலாம். மற்ற நாட்களைச் சொல்ல முடியாது. அவற்றைப் பார்க்கத்தான் முடியும்.